மாமாவுக்கு ஒரு ஜாக்கெட்

(நவம்பர் கடைசி. டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் ஒரு பெரிய துணிக்கடை. மகளின் பிரசவத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த மாமா, மார்ச் வரை இருக்கப்போகிறார். டவுன் வடக்கு ரத வீதி ஜவுளிக்கடை ஒன்றில் நாற்பது வருஷம் சேல்ஸ்மேனாக நின்றவர். இப்போது அவர் உடம்பில் இருப்பவை: பனியன், முழுக்கைச் சட்டை, ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா. அவரைக் கூட்டி வந்திருப்பவர் மாப்பிள்ளை. இப்படிப்பட்ட மாமாவோடு துணிக்கடைக்குப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.)

மாமா: எனக்கு எதற்கு மாப்பிள்ளை இதெல்லாம்? இந்த ஸ்வெட்டரோடு தொட்டபெட்டா உச்சியிலேயே நின்றவன் நான்.

மாப்பிள்ளை: அது மே மாதம் மாமா. இங்கே ஜனவரியில் மைனஸ் 12 வந்து நிற்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அதுவே மைனஸ் 22. செய்தியில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்வார்கள்.

மாமா: அப்படியானால் காற்று அடிக்கிற அன்றைக்கு நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை: அன்றைக்குத்தான் பேத்திக்குத் தடுப்பூசித் தேதி வரும். நீங்க வராமல் இருப்பீர்களா?

மாமா: (பேத்தி என்றதும் குரல் இறங்கி) சரி, எடுத்துப் போடுங்க, பார்ப்போம்.

(மாப்பிள்ளை ஒரு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார். மாமா அதை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறார்.)

மாமா: எடையே இல்லையே. உள்ளே என்ன வைத்திருக்கிறான்?

மாப்பிள்ளை: வாத்து.

மாமா: (சட்டென்று கையை விலக்கி) என்னது?

மாப்பிள்ளை: பயப்படாதீங்க. வாத்தின் நெஞ்சிலும் வயிற்றிலும் இறகுக்கு அடியில் மெல்லிய தூவி இருக்கும். இறகில் இருக்கிற தண்டு இதில் இருக்காது. உள்ளே காற்று மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

மாமா: ஆக, நான் காசு கொடுக்கப்போவது காற்றுக்கு. விலை?

மாப்பிள்ளை: 250 டாலர்.

மாமா: டாலர் அறுபது ரூபாய் என்று வைத்தாலும் 15,000! என் முதல் வருஷச் சம்பளம் முழுக்கச் சேர்த்தாலும் இவ்வளவு வராது. அப்போதும் காற்று இலவசமாகத்தான் கிடைத்தது.

மாப்பிள்ளை: ரூபாயில் பார்த்தால் இந்த ஊரில் இட்லிகூடச் சாப்பிட முடியாது மாமா.

மாமா: அது இருக்கட்டும். நாம் சைவம்.

மாப்பிள்ளை: சாப்பிடப்போவதில்லையே, போட்டுக்கொள்ளத்தானே!

மாமா: உயிரோடு வைத்துப் பிடுங்குகிறானா?

மாப்பிள்ளை: இந்தச் சீட்டைப் பாருங்க. உயிரோடு பிடுங்கவில்லை, வாயைத் திறந்து தீனி திணிக்கவில்லை என்று சான்று இருக்கிறது.

மாமா: சான்று கொடுத்தது யார், வாத்தா?

மாப்பிள்ளை: நாற்பது வருஷம் பட்டுப்புடவை விற்றீர்களே மாமா. பட்டுப்புழுவைக் கேட்டுக்கொண்டா விற்றீர்கள்?

மாமா: (கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு) இது என்ன, 650 என்று போட்டிருக்கிறான்?

மாப்பிள்ளை: அதுதான் தூவியின் தரம். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவியைக் குழாயில் போட்டு, மேலே லேசாக எடை வைத்து, எவ்வளவு உப்பி நிற்கிறது என்று அளப்பார்கள். இது 650 கன அங்குலம். பத்து லிட்டருக்கு மேலே.

மாமா: 28 கிராமில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்துவிடும் என்கிறீர்கள்.

மாப்பிள்ளை: ஆமாம். 550 என்றால் சுமார். 800 என்றால் உயர்ந்த சரக்கு. போன வருஷம் நான் 800 போட்டதுதான் வேண்டும் என்று தேடிப் பிடித்தேன். (தான் அணிந்திருக்கும் ஜாக்கெட்டின் மார்பைத் தட்டிக்கொள்கிறார்.) வாத்துகூட இல்லை, கூஸ். விலை இதைப்போல இரண்டு மடங்கு.

மாமா: எத்தனை கிராம்?

மாப்பிள்ளை: 28 கிராம் என்று சொன்னேனே.

மாமா: அது அளந்து பார்ப்பதற்கு. உங்க ஜாக்கெட்டுக்குள் எத்தனை கிராம் போட்டிருக்கிறான்?

மாப்பிள்ளை: அது... பார்க்கவில்லை.

மாமா: இலவம்பஞ்சு மெத்தை தைக்கக் கொடுக்கும்போது, பஞ்சு நல்ல பஞ்சு என்று சொன்னதும் காசை நீட்டிவிடுவோமா? எத்தனை கிலோ என்று கேட்கமாட்டோமா? உசத்தியான பஞ்சை ஒரு கிலோ மட்டும் போட்டுத் தைத்தால் ராத்திரி முதுகு கட்டிலில்தான் இடிக்கும்.

(மாப்பிள்ளை போனை எடுத்துத் தன் ஜாக்கெட்டின் விவரத்தைத் தேடுகிறார். கிடைக்கிறது. போனைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.)

மாமா: எவ்வளவு?

மாப்பிள்ளை: 100 கிராம்.

மாமா: இதில் 230 என்று சீட்டிலேயே இருக்கிறது. கணக்குப் போடுங்க. 800-ஐ 100-ஆல் பெருக்கினால் 80,000. 650-ஐ 230-ஆல் பெருக்கினால் 1,49,500. பாதி விலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு சூடு. இப்போதுதான் ஒன்று புரிகிறது. மாப்பிள்ளை ஏன் தினமும் காலையில் கார் வரைக்கும் ஓடுகிறார் என்று உங்க அத்தையைக் கேட்டேன். அவர் சுறுசுறுப்பு அப்படி என்று சொன்னாள்.

மாப்பிள்ளை: நேரமாகிவிடும் என்று ஓடுவேன் மாமா.

மாமா: (கேட்காததுபோல மாப்பிள்ளையின் கைப்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நிமிண்டிக்கொண்டே) இது என்ன, குத்துகிறது? இங்கேயும் குத்துகிறது.

மாப்பிள்ளை: எல்லாவற்றிலும் தூவியோடு இறகும் கொஞ்சம் கலந்திருக்கும். 80-க்கு 20, 90-க்கு 10 என்று எழுதியிருப்பார்கள்.

மாமா: எழுதியிருப்பதைப் படிப்பது உங்க படிப்பு. விரல் படிப்பது வேறு. அந்த 250 டாலர் ஜாக்கெட்டில் ஏழெட்டு இடம் நிமிண்டினேன், ஒரே ஒரு காம்புதான் தட்டுப்பட்டது. உங்களுடையதில் முழங்கைக்குள்ளேயே... இதோ ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது.

மாப்பிள்ளை: இழுக்காதீங்க! வெளியே இழுத்தால் ஓட்டை பெரிதாகும், அடுத்தது பின்னாலேயே வரும். உள்பக்கமாகப் பிடித்து உள்ளே வாங்கிவிட வேண்டும்.

மாமா: (கையை விரித்துக் காட்டுகிறார். அதில் மூன்று இறகுகள்.) முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

(மாப்பிள்ளை தன் கையைப் பின்னால் வைத்துக்கொள்கிறார். மாமா இரண்டு ஜாக்கெட்டுகளின் தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இந்த மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு தையலைப் பார்க்க ஆரம்பித்தால் ரெடிமேட் கம்பெனிக்காரன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் கொஞ்சம் நடுங்க வேண்டும்.)

மாமா: உங்களுடையதில் மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்து ஒரே குத்தாகத் தைத்துக்கொண்டு போயிருக்கிறான். கோடு ஓடுகிற இடத்தில் தூவியே இல்லை. குளிர் அந்த வழியாக வரும். இந்த 250-இல் உள்ளே குறுக்கே பட்டை கொடுத்துப் பெட்டி பெட்டியாகத் தைத்திருக்கிறான். வேலை தெரிந்தவன்.

மாப்பிள்ளை: இதற்கே அசந்தால் எப்படி மாமா? 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பவர், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துக் கோட்டு செய்துகொண்டு போனார். கூட வந்தவர்கள் கம்பளியைப் போட்டுக்கொண்டு அவரைக் கேலி செய்தார்கள். மேலே குளிர் அடித்ததும் அவர்களுக்கே அந்தக் கோட்டின் மேல் ஆசை வந்துவிட்டது.

மாமா: பலூன் துணியா! காற்றே புகாத நெருக்கமான நெசவு. அதில் அடைத்தால்தான் தூவி வெளியே வராது. துணி தெரிந்த ஆள். உச்சிக்குப் போய்விட்டாரா?

மாப்பிள்ளை: இல்லை. 8,300 மீட்டருக்கு மேலே போனார். கூட வந்தவருடைய ஆக்சிஜன் கருவி கெட்டுப்போய்த் திரும்ப வேண்டியதாகிவிட்டது.

மாமா: கோட்டில் கோளாறு இல்லையே?

மாப்பிள்ளை: இல்லை.

மாமா: அது போதும். நனைந்தால் என்ன ஆகும்?

மாப்பிள்ளை: அதுதான் இதன் பலவீனம். தூவி நனைந்தால் ஒட்டிக் கட்டியாகிவிடும், சூடு நிற்காது. மைனஸ் பத்தில் விழுகிற பனியை உதறினால் போய்விடும். பூஜ்யத்தை ஒட்டி மழையும் பனியுமாகக் கொட்டும் நாளில்தான் கவனமாக இருக்க வேண்டும். மேல்துணியில் தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கிறது, ஆனால் நாள் முழுக்கத் தாங்காது. அன்றைக்குச் செயற்கைப் பஞ்சு வைத்த ஜாக்கெட்தான் சரி. அது ஈரத்திலும் ஓரளவு சூடு தரும்.

மாமா: அன்றைக்கு நான் குடை பிடித்துக்கொள்கிறேன். துவைப்பது?

மாப்பிள்ளை: மெஷினில், இதற்கென்றே விற்கிற சோப்புப் போட்டு. அப்புறம் டிரையரில் குறைந்த சூட்டில், கூடவே இரண்டு மூன்று டென்னிஸ் பந்து.

மாமா: பந்து எதற்கு?

மாப்பிள்ளை: கட்டியான தூவியை அடித்து அடித்து உதிர்க்க.

மாமா: கல்லில் அடித்துத் துவைத்தால் துணி கெடும் என்பீர்கள். இங்கே உள்ளே பந்தை விட்டு அடிக்கலாம். நல்ல நியாயம். சரி, போட்டுப் பார்க்கிறேன்.

(ஸ்வெட்டருக்கு மேலே ஸ்மால் சைஸ் ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை இழுக்கிறார். ஜிப் பாதி வழியில் நிற்கிறது.)

மாப்பிள்ளை: ஒரு சைஸ் பெரிதாக எடுங்க. இறுக்கமாக இருந்தால் தூவி நசுங்கிவிடும், உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது.

மாமா: (மாப்பிள்ளையின் வயிற்றருகே இறுகிக் கிடக்கும் 800-ஐ ஒரு தடவை பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றுகிறது.) கல்லாவில் இதே 250-தானே?

மாப்பிள்ளை: 13 சதவீதம் வரி சேரும். 282 டாலர் 50 காசு.

மாமா: சீட்டில் ஒன்று, கல்லாவில் ஒன்றா? எல்லாத் துணிக்கும் இப்படித்தானா?

மாப்பிள்ளை: சின்னப் பிள்ளைகள் துணிக்கு மட்டும் 5 சதவீதம்.

மாமா: எந்த வயது வரை?

மாப்பிள்ளை: வயது இல்லை, அளவுதான் கணக்கு. பையன்கள் துணி என்றால் சைஸ் 20 வரை... மாமா, எங்கே போகிறீர்கள்? மாமா!

(ஐந்து நிமிடம் கழித்து மாமா திரும்பி வருகிறார். ஒடிசலான உடம்பு, கச்சிதமாகத்தான் இருக்கிறது. முதுகில் பச்சை டைனோசர்.)

மாமா: 90 டாலர். வரி ஐந்து.

மாப்பிள்ளை: முதுகில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

மாமா: முதுகு எனக்கா தெரியப்போகிறது?

மாப்பிள்ளை: உட்காருங்க. அந்த இரும்பு பெஞ்சில்.

மாமா: (உட்கார்ந்த வேகத்தில் எழுந்து) அப்பப்பா!

மாப்பிள்ளை: கடைக்குள்ளேயே இப்படி. பஸ் நிறுத்தத்தில் எப்படி இருக்கும்? இடுப்புக்குக் கீழே இறங்குகிறதாக இருந்தால்தான் உட்கார முடியும்.

மாமா: (டைனோசரைக் கழற்றி, ஒரு மடிப்புக்கூடப் பிசகாமல் மடித்து வைத்து) சரி, பெரியவர்கள் சரக்கே இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம் கடைசி விலை கேளுங்க.

மாப்பிள்ளை: இங்கே அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள் மாமா.

மாமா: கேட்காமலேயே கொடுக்கமாட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

(மாமா போகிறார். பொம்மைக்கு மாட்டியிருந்த ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி வாங்குகிறார். விற்பனைப் பெண்ணிடம் எதையோ காட்டுகிறார். அவள் தலையாட்டுகிறாள், மேனேஜரைக் கூப்பிடுகிறாள், அவரும் தலையாட்டுகிறார்.)

மாமா: பொம்மை போட்டிருந்த பீஸ். அதே மாடல், மீடியம் சைஸ். ஒரு பிரஸ் பட்டன் விழுந்திருக்கிறது. பத்து சதவீதம் தள்ளுபடி. 225.

மாப்பிள்ளை: (வாயடைத்து) ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன், யாரும் எனக்குப் பத்துப் பைசா குறைத்ததில்லை. அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

மாமா: ஒன்றும் சொல்லவில்லை. பட்டன் இருந்த இடத்தைக் காட்டிவிட்டு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். பட்டனை உங்க அத்தை தைத்துவிடுவாள். இப்போது கையைத் தூக்குங்க.

மாப்பிள்ளை: எதற்கு?

மாமா: தூக்குங்க மாப்பிள்ளை. (நாற்பது வருஷப் பழக்கத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் 800-ஐக் கழற்றி ஒரு லார்ஜ் சைஸ் 650-ஐ மாட்டிவிடுகிறார். தோளைத் தட்டிச் சரிசெய்கிறார். இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறார்.) சாருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது! ரெண்டு பீஸாகப் போட்டுவிடவா?

மாப்பிள்ளை: எனக்கு எதற்கு மாமா, நான்தான் ஏற்கெனவே...

மாமா: பேசக் கூடாது. தீபாவளிக்கு உங்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்கவில்லை. விமானச் செலவு, பிரசவம் என்று தள்ளிப்போய்விட்டது. மாப்பிள்ளைக்குத் துணி எடுக்காத மாமனார் என்று ஊரில் ஒருத்தன் சொல்லக் கூடாது. இது என் செலவு.

மாப்பிள்ளை: (நெகிழ்ந்து) மாமா...

மாமா: சீர் என்றால் சீர்தான். கார்டைக் கொடுங்க.

மாப்பிள்ளை: எந்தக் கார்டை?

மாமா: உங்களுடையதைத்தான். என் கார்டு ஊரில் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ரூபாயில் குறித்து வையுங்க. பேத்திக்குக் காது குத்த வரும்போது கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை: டாலருக்கு அறுபது என்று குறித்துக்கொள்ளட்டுமா மாமா?

மாமா: சொந்தக்காரர்களுக்குள் என்ன மாப்பிள்ளை அறுபது? கடைசி விலை சொல்லுங்க.