சனிக்கிழமையையாவது விட்டுவையுங்கள்

கணவன் ஓரிடத்திலும் மனைவி வேறோரிடத்திலும் உத்தியோகம் பார்ப்பது நம்மவருக்குப் புதிதல்ல. ஆனால், அப்படிப் பிரிந்திருப்பவர்கள் சேர்ந்திருக்கக் கிடைக்கும் இரண்டு நாட்களையும், முதல்நாள் இரவு அனுப்பும் ஒரு வட்ஸ்அப் செய்தியால் பறித்துவிடலாம் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் நினைப்பதை இனியும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். என் மனைவி வன்னியில், மாங்குளத்தில் இறங்கி உள்ளே போகவேண்டிய ஒரு கிராமத்துப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறார். போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு வெள்ளவத்தையில் யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். இடையில் இறங்குபவரிடமும் யாழ்ப்பாணம் வரைக்குமான முழுக் கட்டணத்தையே வாங்குவார்கள். அதைக் கேட்டுச் சண்டை பிடிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். விடிவதற்கு வெகுநேரம் முன்பே மாங்குளச் சந்தியில் இறக்கிவிட்டார்கள். மார்கழி வாடைக்காற்று, விடாத தூறல், பூட்டிய கடையொன்றின் தாழ்வாரம், முதல் பஸ் வரும்வரை ஈரச் சப்பாத்துடன் நின்றபடி காத்திருப்பு. இவற்றில் எதற்கும் எனக்குக் கோபமில்லை. பெரும்போக வயல் அந்த மழையை நம்பித்தான் நிற்கிறது. இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் நிரம்புவதும் அந்த மழையால்தான்.

கோபம் வந்தது மனைவியின் வாசலுக்குப் போனபோது. சேலை உடுத்து, கையில் குடையும் கொப்பியுமாக, அவர் வெளியே புறப்பட்டு நின்றார்.

“என்னப்பா செய்யிறது, நீங்கள் பஸ் ஏறினாப் பிறகுதான் செய்தி போட்டவை. இண்டைக்குச் செயலமர்வாம். கட்டாயம் வரட்டாம்,” என்று சொல்லும்போது அவருக்குக் குரல் அடைத்துவிட்டது.

ஆசிரியர்களுக்கான அந்தப் பயிற்சிச் செயலமர்வில் நடந்ததை மாலையில் அவர் சொல்லக் கேட்டபோது என் கோபம் இரட்டிப்பானது. எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி நடத்த வேண்டிய வளவாளர் வந்து சேர்ந்தது பத்தரைக்குப் பிறகு. முன்னரும் ஒரு தடவை காட்டிய அதே படங்களைச் சுவரில் காட்டி, அதே கையேட்டைத் திரும்பவும் வாசித்து, வரவுப் பதிவேட்டில் காலையும் மாலையும் கையொப்பம் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். திரும்பும் பஸ்ஸும் பிந்தியதால், அவர் வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கிழமை முழுவதும் பிள்ளைகளோடு நின்று களைத்த ஓர் ஆசிரியையின் ஓய்வுநாள் இப்படிப் போனதைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரிகூட வராது. செயலமர்வு வெற்றிகரமாக நடந்தது என்று மட்டும் எழுதிக்கொள்வார்கள்.

அந்தப் பகல் முழுவதும் நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் தங்கியிருப்பது ஆசிரியைகள் சேர்ந்து வாழும் விடுதி. அங்கே ஆண்கள் தங்க முடியாது. அது நியாயமான விதி, மற்றப் பெண்களின் பாதுகாப்புக்கு அது தேவை. ஆனால் மணமானவர்களுக்கென்று ஓர் அறையும் ஒரு குசினியும் கொண்ட சிறு விடுதி ஒன்றைக்கூட ஏன் கட்டி வைக்கவில்லை? அதனால் நான் வரும்போதெல்லாம் பக்கத்திலுள்ள வயதான தம்பதியர் தங்கள் முன்னறையை எங்களுக்கு ஒழித்துத் தருகிறார்கள். தாங்கள் ஓலைத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு எங்களுக்குக் கட்டிலைத் தரும் அந்த மனிதர்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்களுடைய விறாந்தையில், மின்சாரமும் இல்லாமல், மழையைப் பார்த்துக்கொண்டு அன்று பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி திருமணம் செய்தவன், மனைவியுடன் இரண்டு வார்த்தை பேசுவதற்கு மற்றவர் வீட்டு விறாந்தையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்கு மிஞ்சவில்லை. இரவு பெய்த மழையில் ஊர்க்குளம் நிரம்பி வான் பாய்ந்து, வீதியின் தாழ்வான இடத்தில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. பின்னேர பஸ் வராது என்று காலையிலேயே ஆட்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். திங்கள் காலை நான் கொழும்பில் கையொப்பம் இட வேண்டும். அவர் ஆசையாக வாங்கிய விரால் மீன் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, கிடைத்த ஆட்டோவில் ஏறிப் புறப்பட்டேன்.

கஷ்டப் பிரதேசத்தில் கட்டாயம் வேலை செய்ய வேண்டிய நிபந்தனைக் காலத்தை அவர் முடித்துவிட்டார். இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தும்விட்டார். பதிலாள் வந்தால்தான் விடுவிப்போம் என்கிறார்கள். பதிலாளைத் தேட வேண்டியது யார்? என் மனைவியா? கஷ்டப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியர் வேண்டாமா என்று திருப்பிக் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வேண்டும், கட்டாயம் வேண்டும். 2009இல் எல்லாவற்றையும் இழந்துவிட்டு மீளக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். நல்ல ஆசிரியர் கிடைக்க எவரையும்விட அவர்களுக்கு உரித்து இருக்கிறது. என் மனைவி அந்தப் பிள்ளைகளை விட்டுப் பிரிய நினைத்து அழுவதை நான் கண்டிருக்கிறேன். குடும்பமாகத் தங்க ஒரு விடுதி இருந்தால், நானே வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வேலை தேடிக்கொண்டு வந்துவிடுவேன். ஆசிரியர்கள் வன்னியில் நிலைத்து நிற்பதில்லை என்று மேடைகளில் குறைபடுபவர்கள், அவர்கள் நிற்பதற்கு ஒரு கூரை போட்டுக்கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

செயலமர்வு தேவையென்றால் பாடசாலை நாளில் வைக்கலாம். சனிக்கிழமைதான் வைக்க வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னரே எழுத்தில் அறிவிக்கலாம். இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் ஒரு வரியைப் போட்டுவிட்டு, காலையில் வராதவரிடம் விளக்கம் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. இதையெல்லாம் கடிதமாக எழுதி உரியவர்களுக்கு அனுப்பப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். தன்னுடைய இடமாற்ற விண்ணப்பமும் அதே பணிமனையில்தான் கிடக்கிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று மனைவி மன்றாடுகிறார்.