உருளைக்கிழங்கு யாரையும் கொல்லல சார்

ரெண்டு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு சும்மாதான் இருந்தேன். காலையில எங்க சித்தி ஃபேமிலி குரூப்புல அதே வீடியோவைப் போட்டு "நீ இருக்கிற ஊரைப் பத்தி எவ்ளோ அழகா பேசறார் பாருடி"ன்னு ஒரு கும்பிடு எமோஜியும் போட்டாங்க, அதுக்கு மேல முடியல. முதலீட்டு அட்வைஸ் கொடுக்கிற ஒரு சார் அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தை வச்சுப் பாடம் எடுக்கிற வீடியோ, உங்க டைம்லைன்லயும் அதேதான் ஓடுது. பேரும் சொல்லப் போறதில்ல. சொன்னா அவரோட படை வந்து என் ப்ரொஃபைல் போட்டோவுக்குக் கீழ குடித்தனம் பண்ணும்.

முதல் நிமிஷம்: அயர்லாந்துக்காரன் உருளைக்கிழங்கை மட்டும் நம்பினான், செத்தான், அதனால உங்க பணத்தை நாலு இடத்துல பிரிச்சுப் போடுங்க. கடைசி நிமிஷம்: துணிஞ்சு கப்பல் ஏறினவன் கென்னடி ஆனான், ஃபோர்டு ஆனான், நீங்களும் கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளிய வாங்க. நடுவுல ரெண்டு தடவை ஷேர் வாங்கற டீமேட் அக்கவுன்ட் லிங்க்.

சார், உருளைக்கிழங்கு அழுகுச்சு. அது பண்ணின தப்பு அவ்வளவுதான். 1845-ல வந்த அந்தக் கருகல் நோய் பெல்ஜியத்துலயும் ஹாலந்துலயும் ஸ்காட்லாந்து மலைப்பக்கமும்கூட வந்துச்சு, அங்கயும் ஜனங்க கஷ்டப்பட்டாங்க, செத்தாங்க, ஆனா அயர்லாந்துல செத்த மாதிரி எங்கயும் சாகல. 1841 சென்சஸ்ல இந்தத் தீவுல 81 லட்சம் பேர். பத்து லட்சம் பேர் செத்து, பத்து லட்சத்துக்கு மேல ஊரை விட்டு ஓடி, 1851-ல எண்ணிப் பார்த்தா 65 லட்சம். இன்னைக்கு வடக்கு அயர்லாந்தையும் சேர்த்து எண்ணினாலும் அந்த 81 வரல. நான் இருக்கிற மேயோ மாவட்டத்துல அப்ப கிட்டத்தட்ட 3,90,000 பேர், 2022 கணக்குல 1,38,000. ஒரு பயிருக்கு நோய் வந்ததுக்கு நூத்தி எழுபது வருஷம் கழிச்சும் ஒரு மாவட்டம் காலியாக் கிடக்குமா? கொஞ்சம் யோசிங்க சார், டீமேட்டுக்கு நடுவுல.

ஏன் உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டாங்க? அதைத்தான அவர் கேட்டார், சிரிச்சுக்கிட்டே. ஏன்னா மத்ததெல்லாம் அவங்களுது இல்ல. அதே நிலத்துல ஓட்ஸ் விளைஞ்சுச்சு, கோதுமை விளைஞ்சுச்சு, வெண்ணெய் இருந்துச்சு, வீட்டுக்குள்ளயே பன்னி இருந்துச்சு. எல்லாம் குத்தகைக்குப் போயிடும். பன்னிக்கு அவங்க வச்ச பேரே "வாடகை கட்டுற துரை". மிச்சம் இருக்கிற கால் ஏக்கர், அரை ஏக்கர் கல்லுக்காட்டுல ஒரு குடும்பத்துக்கு வருஷம் பூரா வயிறு நிறையணும்னா வேற எந்தப் பயிராலயும் முடியாது, அதனால உருளைக்கிழங்கு. ஒரு ஆம்பள ஒரு நாளைக்கு அஞ்சு கிலோவுக்கு மேல சாப்பிடுவான்னு சொல்றாங்க, மோர் தவிர கூட எதுவும் கிடையாது.

இதுல உச்சக்கட்ட காமெடி என்னன்னா, "பிரிச்சுப் போடு"ங்கற அட்வைஸை இங்கிலாந்துக்காரன் ஆட்சியில 1704-லயே இங்க சட்டமாப் போட்டுட்டாங்க. கத்தோலிக்கன் (இங்க பெரும்பாலான ஜனங்க அவங்கதான்) நிலம் வாங்கக் கூடாது, 31 வருஷத்துக்கு மேல குத்தகைக்கு எடுக்கக் கூடாது, செத்தா நிலத்தை எல்லா மகனுக்கும் துண்டு துண்டாப் பிரிச்சே ஆகணும், ஆனா மூத்தவன் மட்டும் மதம் மாறிட்டா மொத்தமும் அவனுக்கே. சட்டத்தை அப்புறம் எடுத்துட்டாங்க, ஆனா போன நிலம் போனதுதான். டைவர்சிஃபிகேஷன் சார், டைவர்சிஃபிகேஷன்.

நான் இங்க ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸ், பழைய ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியும். வந்த புதுசுல ஒரு லீவு நாள் கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி என்னை ஆக்கில் தீவுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ஸ்லீவ்மோர்னு ஒரு மலை, அதோட அடிவாரத்துல கூரை இல்லாத கல்வீடுங்க வரிசையா, எண்பது நூறு வீடு இருக்கும், உள்ள ஆடு மேயுது. சாயங்கால வெயில் சாய்வா விழுந்ததும் வீடுங்களுக்குக் கீழ இருந்த சரிவு பூரா கோடு கோடாத் தெரிஞ்சுச்சு, சீப்பால வாரின மாதிரி. நான் தண்ணி அரிச்ச தடம்னு நினைச்சேன். அது உருளைக்கிழங்கு போட்ட பாத்தி. கடற்கரையில இருந்து பாசியைக் கூடையில கட்டி முதுகுல தூக்கிட்டு வந்து, புல்லு மேல பரப்பி, விதைக்கிழங்கை வச்சு, ரெண்டு பக்கமும் மண்ணை வெட்டி அது மேல கவுத்துப் போடுவாங்களாம். ஏர் போகாத சரிவு, எல்லாமே கைமண்வெட்டி. இப்பவும் அந்தப் பள்ளத்துல கால் வச்சா முழங்கால் வரைக்கும் இறங்குது. இந்தப் பாத்திக்கு இங்கிலீஷ்ல பேரு என்ன தெரியுமா? சோம்பேறிப் பாத்தி. ஏர் பூட்டி உழாம போட்டதால சோம்பேறியாம்!

பாசிக்கூடை தூக்கினவன் சோம்பேறி, ரிங் லைட் முன்னாடி உட்கார்ந்து பேசறவர் உழைப்பாளி. நல்லா இருங்க.

சரி, கிழங்குதான் போச்சு, பிரிட்டிஷ் கவர்மென்ட் என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க. முதல் வருஷம் அமெரிக்காவுல இருந்து மக்காச்சோளம் வாங்கினாங்க. அப்புறம் ரோடு போட்டா கூலின்னாங்க, எலும்பும் தோலுமா இருந்தவங்க எங்கயும் போகாத ரோட்டுக்குக் கல்லு உடைச்சாங்க. 1847 கோடையில கஞ்சித்தொட்டி திறந்தாங்க, ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்குச் சாப்பாடு. அது வேலை செஞ்சுச்சு. நல்லாவே வேலை செஞ்சுச்சு. செப்டம்பரோட மூடிட்டாங்க. இனிமே உள்ளூர் வரியிலயே பாத்துக்கங்கன்னு சொல்லி, கால் ஏக்கருக்கு மேல நிலம் வச்சிருந்தா உதவி கிடையாதுன்னு ஒரு ஷரத்தையும் போட்டாங்க. அதாவது சோறு வேணும்னா நிலத்தை விட்டுட்டு வா. 1833-ல அடிமைகளை விடுதலை பண்ணினப்ப முதலாளிங்களுக்கு நஷ்டஈடு 2 கோடி பவுண்ட் கொடுத்த அதே கஜானா, இந்தப் பஞ்சத்துக்கு மொத்தமா எடுத்து வச்சது சுமார் 80 லட்சம், அதுலயும் பாதி கடன்.

இந்தப் பணத்தைக் கையில வச்சிருந்த அதிகாரி பேரு சார்லஸ் ட்ரெவெல்யன். இதெல்லாம் கடவுள் சித்தம்ங்கற தோரணையில 1848-லயே எழுதி வச்சவர், அதே வருஷம் சர் பட்டமும் வாங்கினவர். இங்க மேட்ச் நடக்கும்போது ஸ்டேடியம் மொத்தமும் சேர்ந்து பாடற பாட்டு ஒண்ணுல இந்தாள் பேரு வரும். முதல் தடவை கேட்டப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா இந்தப் பேரை நான் நம்மூர்ல படிச்சிருக்கேன். 1859-ல அவரை அனுப்பின இடம் மெட்ராஸ். கவர்னரா. சென்ட்ரல் பக்கத்துல விக்டோரியா ஹால் வளாகத்துல அவர் பேர்ல நீரூற்றுகூட இருக்கு. ஒரே வருஷத்துல திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க, எதுக்குத் தெரியுமா? புதுசா போட்ட இன்கம் டாக்ஸை வெளிப்படையா எதிர்த்தாருன்னு. பத்து லட்சம் பேர் செத்ததுக்குப் பட்டம், வருமான வரியை எதிர்த்ததுக்கு வேலை காலி. நம்ம முதலீட்டு சார் அடுத்த வீடியோவுக்கு இதை எடுத்துக்கலாம், ராயல்டி வேணாம்.

"1847-ல ஏற்றுமதியை விட இறக்குமதிதான் ஜாஸ்தி, ஒன் சைடா எழுதாத"ன்னு ஒருத்தர் வருவார், எனக்குத் தெரியும், அவர் எல்லா பதிவுக்கும் வருவார். உண்மைதான் சார், அந்த வருஷம் தானியம் நிறைய உள்ள வந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா ஓட்ஸும் வெண்ணெயும் மாடும் வெளிய போறதை ஒருத்தனும் நிறுத்தல, வந்த சோளத்தை வாங்கக் கையில காசும் இல்ல. கடையில அரிசி இருக்கிறதும் என் தட்டுல சோறு இருக்கிறதும் ஒண்ணா?

"ஜாலியன்வாலாபாக் சமயத்துல பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னர் ஓ'ட்வையர் ஐரிஷ்காரன்தானே?" ஆமா, டிப்பரரிக்காரன். ஐரிஷ்காரங்க எல்லாரும் மகாத்மான்னு நான் எங்கயாவது சொன்னேனா? அடுத்து.

"ஒரு உதாரணத்துக்குச் சொன்னார், இதுக்குப் போய் இவ்ளோவா?" உதாரணமா! உங்க வீட்டு எழவை யாராவது மாசாமாசம் பணம் போடற எஸ்ஐபியை விளக்க உதாரணமா எடுத்துக்கிட்டா தெரியும். எங்க இல்லத்துல தொண்ணூறு தாண்டின ஒரு தாத்தா இருக்கார். ஒரு நாள் பேச்சுவாக்குல நான் "ஃபேமின்"னு சொன்னேன். சூப்பை வாயில வாங்காம என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவா, ஐரிஷ் மொழியில "கோர்டா மோர்"னார். பெரும் பசி. பஞ்சம்னா வானம் பொய்க்கிறது, பசின்னா ஒருத்தன் சோறு போடாம இருக்கிறதுன்னு அவர் விளக்கமெல்லாம் சொல்லல, அது நானா யோசிச்சது. அவர் அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிட்டு வாயைத் திறந்தார், நான் ஊட்டினேன்.

இப்ப அந்தக் கென்னடி மேட்டருக்கு வரேன், எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல் அதுலதான். துணிஞ்சு கப்பல் ஏறினானாம். 1847-ல கனடா போன கப்பலுக்கு "சவப்பெட்டிக் கப்பல்"னு பேரு. க்யூபெக் பக்கத்துல க்ரோஸ் ஈல்னு ஒரு தீவு, அந்த ஒரே வருஷத்துல 5,000 பேருக்கு மேல காய்ச்சல்ல செத்து அங்கயே புதைஞ்சாங்க. அப்பா அம்மா போன பிள்ளைங்களை பிரெஞ்சு பேசற குடும்பங்கள் எடுத்து வளர்த்துச்சு, பேரை மட்டும் மாத்தல, அதனால இன்னைக்கும் அங்க ஐரிஷ் குடும்பப் பேரோட பிரெஞ்சு பேசறவங்க இருக்காங்க. கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளிய வந்தவங்க சார் அவங்க எல்லாம்.

கென்னடி? கப்பல் ஏறினது பேட்ரிக் கென்னடி, ஜனாதிபதியோட கொள்ளுத்தாத்தா, நியூ ராஸ் பக்கத்து ஊர்க்காரர். பாஸ்டன்ல பீப்பாய் செய்ற வேலை. 1858 நவம்பர் 22-ல காலராவுல செத்தார், வயசு 35. அந்தத் தேதியை இன்னொரு தடவை படிங்க. 105 வருஷம் கழிச்சு அதே நவம்பர் 22-லதான் கொள்ளுப்பேரனை டல்லாஸ்ல சுட்டாங்க. நடுவுல அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினது பேட்ரிக்கோட பொண்டாட்டி பிரிட்ஜெட், வீட்டு வேலை பார்த்து, அப்புறம் சின்னதா ஒரு கடை வச்சு. அந்தம்மா எந்த மோட்டிவேஷன் வீடியோவுலயும் வரல, கவனிச்சீங்களா? ஃபோர்டும் அப்படித்தான். கார் கம்பெனிக்காரரோட அப்பா கார்க் மாவட்டத்துல இருந்து 1847-ல குடும்பத்தோட கிளம்பினவர், அவரோட அம்மா வழியிலயே போயிட்டாங்க.

ஆன்னி மூர் கதை இன்னும் மோசம். 1892 ஜனவரி 1, நியூயார்க்ல குடியேற வர்றவங்களைப் பரிசோதிச்சு உள்ள விடற எல்லிஸ் தீவு நிலையம் திறந்த அன்னைக்கு முதல் ஆளா உள்ள போன கார்க் பொண்ணு, ரெண்டு தம்பிங்களோட. கையில பத்து டாலர் தங்கக்காசு கொடுத்தாங்க. இங்க கார்க் பக்கத்துல கோவ் துறைமுகத்துல இன்னைக்கும் சிலை இருக்கு, நான் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருக்கேன். ரொம்ப நாள் அந்தப் பொண்ணு டெக்சாஸ் போய் வாழ்ந்துச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, அது வேற ஆன்னி மூர்னு 2006-லதான் தெரிஞ்சுச்சு. நிஜ ஆன்னி நியூயார்க் சேரியை விட்டு எங்கயும் போகல. 11 பிள்ளை பெத்து பாதிக்கு மேல பறிகொடுத்து 1924-ல செத்தா. 2008 வரைக்கும் சமாதியில ஒரு பேர்ப்பலகைகூட இல்ல. சிலை வச்சாங்க, கல்லு வைக்கல.

ஊரை விட்டுப் போறது என்னன்னு தெரிஞ்சவங்க இங்க அதுக்கு ஒரு சடங்கே வச்சிருந்தாங்க. அமெரிக்கா போற புள்ளைக்கு முந்தின ராத்திரி வீட்டுல ஊரே கூடும், ஆட்டம் பாட்டம் குடி எல்லாம் நடக்கும், விடிஞ்சா அம்மா ஒப்பாரி வைப்பா. "அமெரிக்கன் வேக்"னு பேரு, வேக்னா சாவு வீட்டுல ராத்திரி முழிச்சிருக்கிறது. உயிரோட இருக்கிற புள்ளைக்கு. இதைப் படிச்சப்ப 2019-ல சென்னை ஏர்போர்ட்ல எங்கம்மா ட்ராலியை விடாம பிடிச்சுக்கிட்டு நின்னதுதான் ஞாபகம் வந்துச்சு, அப்ப நான் எரிஞ்சு விழுந்தேன். "உனக்கென்ன, செட்டில் ஆயிட்ட"ன்னு சொல்ற சித்திக்கு அந்த ட்ராலி தெரியாது. சித்தி, நீங்க படிப்பீங்கன்னு தெரியும், தப்பா எடுத்துக்காதீங்க. இல்ல, எடுத்துக்கிட்டாலும் பரவால்ல.

கடைசியா ஒண்ணு, இன்பாக்ஸ்ல ஒரு புண்ணியவான் கேட்டது. "2025-ல அயர்லாந்துல இந்தியர்களைத் தேடித் தேடி அடிச்சானுங்களே, அவனுங்களுக்கா வக்காலத்து?" ஆமா, அடிச்சாங்க. ஆகஸ்ட்ல நம்ம எம்பஸியே ஜாக்கிரதையா இருங்கன்னு அறிக்கை விட்டுச்சு. அந்த மாசம் நைட் டூட்டி முடிச்சு பஸ் ஸ்டாப்புல நின்னப்ப ரெண்டு பையனுங்க என்னைப் பார்த்து "ஊருக்குப் போ"ன்னு கத்தினானுங்க, நான் போட்டிருந்தது அவனுங்க தாத்தா பாட்டியைக் குளிப்பாட்டற யூனிஃபார்ம். நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். மறுநாள் அந்தத் தொண்ணூறு வயசுத் தாத்தாகிட்ட சொன்னேன். கூடப் பொறந்தவங்க ஒன்பது பேர் அவருக்கு, நாலு பேர் கிளீவ்லேண்ட், மூணு பேர் இங்கிலாந்து. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார், 1974-ல இங்கிலாந்து பர்மிங்காம்ல குண்டு வெடிச்சு, பழி ஐரிஷ்காரங்க மேல விழுந்ததுக்கப்புறம் அவர் தம்பி பஸ்ல டிக்கெட் கேட்கக்கூட வாயைத் திறக்க மாட்டாராம், சரியான சில்லறையை எண்ணி உள்ளங்கையிலயே வச்சிருப்பாராம், பேசினா எந்த ஊருன்னு தெரிஞ்சுடுமேன்னு. சொல்லிட்டு என் கையை எடுத்து அவர் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டார்.

பி.கு: ஆமா, அந்த சாரோட பழைய வீடியோ பார்த்துத்தான் நானும் எஸ்ஐபி ஆரம்பிச்சேன். மாசம் மூவாயிரம், அஞ்சாம் தேதி கட் ஆகுது. அதை நிறுத்தப் போறதில்ல. கமெண்ட்ல ஓட்டாதீங்க.