பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகும்போது ஒரு ஏ4 தாளையும் எடுத்துப் போங்கள்

கல்லூரி சேர்க்கை முடிந்த கையோடு லேப்டாப் வாங்கக் கிளம்பும் பெற்றோர், பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் விசாரித்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைகிறார்கள். திரை அளவை மட்டும் "பெருசா இருந்தா நல்லதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், பல மாடல்களில் ரேமையும் கூட்டலாம். திரையின் அளவு மட்டும் வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசி வருஷம் வரைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரும் பிள்ளைக்கு 14 இன்ச், அதுவும் 16:10 திரை, அதாவது அகலம் 16 பங்கு என்றால் உயரம் 10 பங்கு. என்ன கோர்ஸ் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

15.6 இன்ச், 14 இன்ச் என்பதெல்லாம் மூலைக்கு மூலை அளந்த கணக்கு. வழக்கமான 16:9 வடிவத்தில் 15.6 இன்ச் திரையின் அகலம் சுமார் 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. 16:10 வடிவத்தில் வரும் 14 இன்ச் திரைக்கு அகலம் 30.2, உயரம் 18.8. உயரத்தில் குறைவது வெறும் 6 மில்லிமீட்டர்! பாடப் புத்தக பிடிஎஃப், ப்ரோக்ராம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாமே மேலும் கீழும் நகர்த்திப் படிப்பவை. அங்கே உயரம்தான் வேலைக்கு ஆகும். அதே 14 இன்ச் 16:9ஆக இருந்தால் உயரம் 17.4க்கு இறங்கிவிடும், அந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரருக்கு விகிதம் தெரியாவிட்டால் ரெசல்யூஷனை, அதாவது திரையில் குறுக்கிலும் நெடுக்கிலும் எத்தனை புள்ளிகள் என்பதைக் கேளுங்கள். 1920×1200 என்றால் 16:10, 1920×1080 என்றால் 16:9. விலை குறைந்த மாடல்களில் இன்னும் 1366×768 தலைகாட்டுகிறது. அது எந்த அளவில் வந்தாலும் வேண்டாம்.

"14 இன்ச்ல எதுவுமே அடங்கல" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் விண்டோஸின் ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு. 14 இன்ச் லேப்டாப்களில் அது பல நேரம் 150 சதவீதத்தில் இருக்கும். அப்போது 1920×1200 திரையில் 1280×800 அளவுக்கான விஷயம்தான் அடங்கும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 125 ஆக்கினால் 1536×960 கிடைக்கும். அதே 125ல் முழு எச்டி (1920×1080) 15.6 இன்ச் காட்டுவது 1536×864. அதாவது சின்னத் திரையில் கூடுதல் வரிகள் தெரியும். பதிலுக்கு எழுத்து சுமார் எட்டில் ஒரு பங்கு சிறுக்கும். கண்ணாடி போடும் பிள்ளையாக இருந்தால் கடையிலேயே 125 வைத்து, பத்து நிமிஷம் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது அந்தத் தாள். ஏ4 தாள் 29.7க்கு 21 செ.மீ. 14 இன்ச் லேப்டாப் ஏறக்குறைய 31க்கு 22, தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. 15.6 இன்ச் லேப்டாப் 36க்கு 24 வரை போகும். பல வகுப்பறைகளில் இருப்பது கைப்பக்கம் பலகை வைத்த நாற்காலி. அந்தப் பலகையில் ஏ4 நோட்டு ஒழுங்காக உட்காரும், 15.6 இன்ச் ஓரத்தில் தொங்கும். கீழே விழுவதும் அப்படித்தான்.

எடையையும் சார்ஜரோடு சேர்த்துப் பாருங்கள். 14 இன்ச் பொதுவாக 1.3 முதல் 1.5 கிலோ. டைப்-சி சார்ஜர் கால் கிலோ சொச்சம். சாதா 15.6 இன்ச் 1.6 முதல் 1.8. கேமிங் வகை 2.2 முதல் 2.5 கிலோ, அதன் அடாப்டர் மட்டுமே அரை கிலோவுக்கு மேல். இதோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ரெக்கார்டு நோட்டு. சுமை தாங்காமல் இரண்டாவது செமஸ்டரில் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய திரையால் என்ன பயன்?

அகலமான திரைக்கு இன்னொரு ஆபத்து கீல். பிளாஸ்டிக் உடம்புள்ள லேப்டாப்பை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் விசை முழுவதும் ஒரு பக்கக் கீலில் விழும். உள்ளே ஸ்க்ரூ பிடித்திருக்கும் பித்தளைத் திருகுமரை பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மூடி அகலமாக ஆக இந்த முறுக்கும் கூடும். எந்த அளவு வாங்கினாலும் நடுவில் பிடித்துத் திறக்கப் பழக்குங்கள். டிபன் பாக்ஸை மூடியை ஒட்டி வைக்க விடாதீர்கள், நெரிசலில் பை அழுந்தினால் திரையின் பேனல் போய்விடும்.

14 இன்ச்சின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்து வரும், பின்னால் கூட்ட முடியாது. அதனால் முதலிலேயே 16 ஜிபி. 15.6 இன்ச் முழு எச்டி பேனல் பல பிராண்டுகளுக்குப் பொதுவானது, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும். 16:10 பேனல் உடைந்தால் தேட வேண்டியிருக்கும், விலையும் கூட. தனி நம்பர் பேடும் இருக்காது. பி.காம், சிஏ பிள்ளைகள் டேலி கணக்கு மென்பொருளில் எண்களாகத் தட்டுபவர்கள், அவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி நம்பர் பேட் கிடைக்கிறது.

பெரியது யாருக்கு? ஹாஸ்டலில் தங்கி, லேப்டாப்பை மேசையை விட்டு அதிகம் நகர்த்தாத ஆர்க்கிடெக்சர், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு. ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்ற 3டி வடிவமைப்பு மென்பொருள்கள், வடிவத்தை நிஜம் போன்ற படமாக்கும் ரெண்டரிங் என்று போனால் தனி கிராஃபிக்ஸ் கார்டும் சூட்டை வெளியேற்ற இடமும் வேண்டும், மெல்லிய பெட்டி அந்தச் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவர்களுக்கு 16 இன்ச் 16:10 எடுங்கள், உயரம் 21.5 செ.மீ. கிடைக்கும். ஆனால் ஹாஸ்டல் மெத்தைமேல் வைத்து ஓட்டக் கூடாது. காற்று போகும் துளை அடியில்தான் இருக்கிறது. 2டி ஆட்டோகேட் மட்டும் என்றால் இத்தனையும் தேவையில்லை.

13 இன்ச் எடுப்பதாக இருந்தால் வீட்டில் மானிட்டரும் இருக்க வேண்டும். உண்மையில் 14க்கும் அதைத்தான் சொல்வேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் 22 இன்ச் முழு எச்டி மானிட்டர் கிடைக்கிறது. பெரிய திரைக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடுங்கள். லேப்டாப் வாங்கும்போதே மானிட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துவிடுங்கள்.