புறா வரைய நான் வரமாட்டேன்

போன வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து போன். "சேர், மூணு சமூகத்துப் பிள்ளைகளும் வாறாங்க. காலையில ரெண்டு மணித்தியாலம். நல்லிணக்கத்தைப் பத்தி எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய சித்திரம் வரையணும். பிறகு சாப்பாடு, சான்றிதழ், போட்டோ." எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக, முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். போனில் விளங்கப்படுத்த வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர், பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் பத்துப் பேர், நீளமாக ஒரு வெள்ளைத் துணி. தலைப்பு "சமாதானம்". பதினைந்து நிமிஷத்தில் ஒன்பது புறா வந்துவிட்டது. கோர்த்த கைகள், நடுவில் இலங்கைப் படம், மூலையில் சிரிக்கிற சூரியன். ஒரு சின்னச் சச்சரவுகூட இல்லை. வந்தவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அதைக் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு கூட்டமாகப் பிரிந்து பஸ் ஏறிப் போனார்கள். அந்தத் துணி இப்போது எந்த அலுமாரியில் கிடக்கிறதோ.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், எங்கள் பக்கம் ஒரு சின்ன டவுனில் மூன்று பள்ளிக்கூடம் இருக்கும். சிங்கள மொழிமூலம் ஒன்று, தமிழ் மொழிமூலம் ஒன்று, முஸ்லிம் பள்ளிக்கூடம் ஒன்று. மூன்றிலும் மணி அடிப்பது ஏறக்குறைய ஒரே நேரம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பது பஸ் ஸ்டாண்டில் மட்டும். மற்றவனைப் பற்றி ஒருவனுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் கேட்டதுதான். லயத்துப் பிள்ளை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளை, 83 ஜூலையில் தமிழர்களை அடித்த கலவரத்தைக் கேட்டு வளர்ந்திருக்கும், 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அடித்துக் கொல்லப்பட்ட தமிழ்ப் பொடியன்களைப் பற்றிக் கேட்டிருக்கும். முஸ்லிம் பிள்ளைக்கு 2018 மார்ச், திகனவில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்த கலவரம். அதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம், அது பார்த்தே இருக்கும். கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை நாம் கேட்பதே இல்லை.

2023இல் ஒரு பள்ளி விடுமுறையில், கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறுகிற பக்கம், ஒரு பொது மண்டபத்தின் வெளிச்சுவர் கிடைத்தது. ஐந்து நாள், பதினான்கு பிள்ளைகள். இந்தத் தடவை தலைப்பே கொடுக்கவில்லை. "இங்க நின்னா எதிர்ல என்ன தெரியுது? அதை வரைங்க." எதிரில் தெரிந்தது ஒரு மலை. எந்த நிறமானாலும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாளி. காசு பற்றாக்குறையும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. விதியும் ஒன்றே ஒன்று: மற்றவர் வரைந்ததில் கை வைக்க வேண்டுமானால் கேட்க வேண்டும், அதுவும் அவருடைய மொழியில்.

இந்த மொழி விஷயத்தை யாரும் பேசுவதில்லை. மூன்று இனத்தையும் ஒன்றாக உட்கார வைத்தால் பத்தே நிமிஷத்தில் எல்லாரும் சிங்களத்துக்கு மாறிவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் சிங்களம் வரும், மறுபக்கத்துக்குத் தமிழ் வராது. பார்க்க ஒற்றுமை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அரைவாசிப் பேர் இரவல் மொழியில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். விதி போட்ட முதல் நாள் ஒரு சிங்களப் பிள்ளை, "நான் இதில கை வெக்கலாமா" என்பதை உள்ளங்கையில் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துப் படித்தது. "வெக்கலாமா" வாயில் நுழையாமல் "வெக்கமா" ஆகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து போய், வாயைப் பார்க்கச் சொல்லி, நாலு தடவை சொல்லிக் கொடுத்தாள். சிங்களத்தில் தப்பு விட்டு டவுனில் கேலி பட்டுப் பட்டே வளர்ந்த பிள்ளை அவள். அன்றைக்கு அவள் டீச்சர்.

இரண்டாம் நாள் பச்சை வாளியில் வெடித்தது.

அதே பிள்ளை காலையிலிருந்து மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒரு பச்சை கலக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்துக்கு. தேயிலை எல்லாம் ஒரே பச்சை என்று நினைப்பவர்கள் மலையில் ஏறிப் பார்க்காதவர்கள். கொழுந்து மஞ்சளடித்த பச்சை. முத்தின இலை கறுத்த பச்சை. கவ்வாத்து வெட்டின மலையில் பச்சையே கிடையாது, வெறும் குச்சிதான். அவளுடைய அம்மா இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி அந்த மலையில்தான் கொழுந்தெடுக்கிறார். அவள் தேநீர் குடிக்கப் போன நேரம் கிராமத்துப் பொடியன் ஒருவன் அந்த வாளியில் நீலத்தைக் கவிழ்த்துவிட்டான். அவனுக்குக் காட்டுப் பச்சை வேண்டியிருந்தது.

"ஏன் கலந்தே? அது எங்க மலை. எங்க அப்பாயி நட்டது."

"மே அபே கந்த" என்றான் அவன். இது எங்கள் மலை. ஆத்தம்மா சொல்லியிருக்கிறாராம், தேயிலைக்கும் கோப்பிக்கும் முன்னால் அது காடாம், காட்டோரத்தில் அவர்களுடைய சேனையாம், காடு வெட்டிச் செய்கிற பயிர்நிலம். (கண்டிப் பக்கத்துச் சிங்களவர் பாட்டியை ஆத்தம்மா என்பார்கள். கேட்டால் நம் வீட்டுச் சொல் மாதிரியே இருக்கும்.)

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில், உறுதி, அதாவது காணிப் பத்திரம், காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குச் சொந்தம் என்று எழுதிக்கொண்டு வெள்ளைக்காரன் தோட்டக்காரர்களுக்கு விற்றான். உறுதி வைத்திருக்காத கிராமத்தான் மலையை இழந்தான். அந்த மலையை வெட்டி நட்டவர்களை 1948இல் இந்த நாட்டுப் பிரசைகளே இல்லை என்றார்கள். ஒரு தரப்புக்கு மலை பறிபோனது, மறு தரப்புக்கு மலையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. பாட புத்தகத்தில் இது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாளி பச்சைக்காக அந்தச் சுவரடியில் வந்தது.

சுவருக்கு நடுவில் ஒரு கோடு போட்டு ஆளுக்குப் பாதி கொடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, மூட்டம் இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் பின்னேரம் மூட்டம் இறங்கினால் பெயின்ட் காயாது, தொட்டால் கையோடு வந்துவிடும். எல்லாரும் மண்டபத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் என்ன பேசினார்களோ. கேட்கக்கூடாது என்று தள்ளி உட்கார்ந்தேன். சத்தம் கூடிற்று, குறைந்தது, ஒரு தடவை யாரோ அழுதது போலவும் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் சாதாரண தரச் சித்திரக் கொப்பியோடு வந்தாள். "சேர், தெகல்தொறுவையில வெஸ்ஸந்தர கதையில ஒரே ஆள் ஒரே வரிசையில திருப்பித் திருப்பி வருவார்தானே? அப்படின்னா மலையும் ரெண்டு தடவ வரலாம்தானே?"

எனக்கு இது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தெகல்தொறுவ விகாரை ஓவியத்தை சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சோதனைக்காகப் பாடமாக்குகிறார்கள். வெஸ்ஸந்தர கதை புத்தரின் முற்பிறவிக் கதை. சிவப்புப் பின்னணி, பட்டி பட்டியாகக் கதை, நேற்று நடந்ததும் இன்று நடந்ததும் அடுத்தடுத்து. அதைக் கட்டத் தொடங்கியது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலம், முடிந்தது அவன் தம்பி இராஜாதி ராஜசிங்கன் காலம். இருவரும் மதுரைப் பக்கத்துச் சொந்தமுள்ள நாயக்க வம்சம். 2018இல் எரிந்த திகனவும் அங்கிருந்து அதிக தூரமில்லை. இத்தனையும் கொப்பியில் கிடந்தது, நான் வருஷக்கணக்கில் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

மலை இரண்டு தடவை வந்தது. முதல் பட்டியில் காடு, அடுத்ததில் தேயிலை. மூன்றாவது பட்டியில் என்ன வரும் என்பதில் மறுபடியும் சண்டை.

முஸ்லிம் பொடியன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நாள் அவன் எதுவும் வரையவில்லை, பிரஷ் கழுவிக் கொடுத்தான். நான் வற்புறுத்தவில்லை. நாலாம் நாள் மூன்றாவது பட்டியில் ஒரு கடை ஷட்டர் வரைந்தான், பாதி இறக்கியது. ஏன் பாதி என்று சிங்களப் பிள்ளை தமிழில் கேட்டது. அவன் சிங்களத்தில் பதில் சொன்னான்: வாப்பா எப்போதும் அப்படித்தான் வைப்பாராம், சத்தம் கேட்டால் சட்டென்று இழுத்துவிடலாமே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை சாம்பல் நிற வாளியை அவன் பக்கமாகத் தள்ளி வைத்தது.

2019 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவர் வரைந்தது நினைவிருக்கும். அந்த ஆர்வத்தைக் குறை சொல்லமாட்டேன். எத்தனை சுவரில் பழைய சிங்கள அரசனும் வாளும் வந்தது என்பதையும் மறக்கவில்லை. வரைய முந்தி பக்கத்து வீட்டுக்காரனிடம் யாராவது கேட்டார்களா?

நிறுவனங்களில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், கோபத்தில் சொல்லவில்லை. ரெண்டு மணித்தியாலம் வேண்டாம், ஐந்து நாள் தாருங்கள். பெயின்ட் அதிகம் வாங்கித் தராதீர்கள். நட்பு உண்டாக்க வேண்டும் என்று என்னை நெருக்காதீர்கள். அந்தப் பதினான்கு பேரும் இன்றைக்கு நண்பர்களா என்றால், இல்லை. இரண்டு மூன்று பேர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

நீலத்தைக் கவிழ்த்த பொடியன் நாலாம் நாளோடு நின்றுவிட்டான். வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். முதல் பட்டிக் காட்டில் அவன் ஒரு கித்துள் மரம் தொடங்கியிருந்தான். அடி மரம் இருக்கிறது, மேலே ஓலை இல்லை. கடைசி நாள் அந்தத் தோட்டத்துப் பிள்ளை கறுத்த பச்சையைத் தொட்டுக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அவன்கிட்ட கேக்கலையே சேர்" என்று சொல்லி பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டது. போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். சுவரில் பாதிக்கு மேல் டியூஷன் போஸ்டர். மரம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது.