வெள்ளைச் சுவரில் ஒரு சிவப்புக் குழாய்

2008-ல் வந்த மிரர்ஸ் எட்ஜ் என்ற வீடியோ கேமைப் போன வாரம் மறுபடி எடுத்து ஆடினேன். இத்தனை வருடம் கழித்தும் அதில் வரும் ஊர் கண்ணைப் பறிக்கிறது. அதே காலத்துத் துப்பாக்கி விளையாட்டுகள் பலவற்றை இன்று திறந்தால் சேற்றுத் தண்ணீரில் அலசி எடுத்த மாதிரி இருக்கின்றன. பழுப்பும் சாம்பலும் அப்பினால்தான் நிஜம் போலத் தெரியும் என்று அப்போது ஒரு நம்பிக்கை. இதை உருவாக்கிய ஸ்டாக்ஹோமின் டைஸ் குழு ஊர் முழுக்க வெள்ளையடித்து, நாலைந்து நிறங்களை மட்டும் உள்ளே விட்டது.

நாயகி ஃபெய்த் மொட்டைமாடிகளில் ஓடுகிறாள். யோசிக்க அரை நொடிதான். எதிரே ஒரு குழாய் மெல்லச் சிவக்கிறது. கிட்டே போகப் போக சிவப்பு ஏறுகிறது. நம் விரல் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஓடிப் பழகிய கண்ணுக்கு வழி அப்படித்தான் தெரியும் என்பது கதையிலேயே இருக்கிறது.

அப்புறம் அந்த வெளிச்சம். எங்கே எப்படி விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சுவர்களில் பதித்து வைத்தது. ஆரஞ்சுத் தரையை ஒட்டிய வெள்ளைச் சுவரில் லேசாக ஆரஞ்சு படர்ந்திருக்கும். எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெயில் விழுந்தால் சுவரின் அடிப்பாகம் சிவக்குமே, அதேதான்.

ரெசிடென்ட் ஈவில் 4 விளையாட்டின் 2023 மறு ஆக்கத்தில், கண்ணில் படட்டும் என்று ஏணிக்கும் பெட்டிக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடுத்த வருடம் ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த் விளையாட்டின் டெமோவில் (முன்னோட்டப் பதிப்பில்) மஞ்சள் பூசிய பாறைகள். ஆடுகிறவர்களை முட்டாளாக நினைக்கிறார்கள் என்று பெரிய சண்டை. எனக்கு அந்தக் கோபம் இல்லை. வழி காட்டியே ஆகவேண்டும். ஆனால் இண்டு இடுக்கெல்லாம் விவரங்களை அடைத்துவிட்டு, கடைசியில் எது ஏணி என்று தெரியாமல் மேலே பூசுகிற நிறம் ஒட்டாமல்தான் நிற்கும். எது கண்ணில் பட வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஒரு விளையாட்டில் புல்வெளியில் நிற்கும் எதிரியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அவனுக்கு அது புல்லோடு புல். நாலு முறை செத்துவிட்டு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். மிரர்ஸ் எட்ஜில் அந்தக் குழாய் அவனுக்குச் சிவப்பாகத் தெரியவில்லை, கருப்பாகத் தெரிகிறதாம். வெள்ளைச் சுவரில் கருப்புக் குழாய். முதல் தாவலிலேயே பிடித்துவிட்டான்.