மூக்கில் பூண்டு செருகினால் அலர்ஜி அடைப்பு போகாது

"மூக்குத் துளைகளில் பூண்டுப் பல்லைச் செருகினால் தேங்கிய சளியெல்லாம் கொட்டிவிடும்" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. தவறு. கொட்டுவது தேங்கிய சளி அல்ல. பூண்டின் காரம் உட்சவ்வை எரிக்க, அதைக் கழுவித் தள்ள மூக்கு புதிதாகச் சுரக்கும் நீர்.

அலர்ஜி அடைப்புக்கு முக்கியக் காரணம், அலர்ஜியின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருட்களால் ரத்தக்குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதுதான். பூண்டு அந்த வீக்கத்தைக் குறைக்காது, புண்ணாக்கலாம். பூண்டுப் பல் உள்ளே சிக்கவும் கூடும். குழந்தைகளுக்குச் செய்யவே வேண்டாம்.

சரி, எது உதவும்? கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவலாம். டாக்டர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வீக்கத்தையே குறைக்கும். முழுப் பலனுக்கு 2 வாரம்கூட ஆகலாம், பொறுங்கள். உடனே திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் தொடராதீர்கள், அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும்.