‘செட்’டை ‘ரன்’ முந்திவிட்டது

ஆங்கிலத்தில் அதிக அர்த்தங்கள் உள்ள சொல் ‘செட்’ (set) என்கிறது ஆங்கிலச் சொற்களைப் பற்றிய உங்கள் கட்டுரை. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்புப்படி அது சரி. அப்புறம் நடந்த அகராதித் திருத்தப் பணியில் ‘ரன்’ (run) முந்திவிட்டது. அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்கள்! அந்தப் பதிவைத் தொகுக்க அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆனதாம். ஒரே சொல்லுக்கு இவ்வளவு உழைப்பா என்று மலைப்பாக இருக்கிறது.

ஆள் ஓடுவது, குழாயில் தண்ணீர் வருவது, இயந்திரம் இயங்குவது, கடை நடத்துவது, துணியில் சாயம் போவது எல்லாமே ‘ரன்’தான். தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்கிறார்கள், பிரிட்டனில் நம்மைப் போல ‘நிற்கிறார்கள்’. இது எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு.

கட்டுரையில் ‘ரன்’னுக்குத் தந்திருக்கும் இணைச்சொல் (ஒரே பொருள் தரும் சொற்கள்) பட்டியல்தான் எனக்கு உறுத்துகிறது. ‘மேனேஜ்’, ‘ஃப்ளோ’, ‘ஆபரேட்’ மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள். கடையை மேனேஜ் செய்யலாம், தண்ணீர் ஃப்ளோ ஆகலாம். மாற்றிப் போட்டால் வாக்கியமே கெட்டுவிடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்வார்கள். தயவுசெய்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் சேருங்கள்.